ஒரு சாண் தண்ணீர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் ஆழம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைப் படித்தால் அவருக்கே ஒரு கணம் யாரோ என்று தோன்றும். முப்பத்திரண்டு வருடமாக அவர் பார்த்த வேலை ஒன்றே ஒன்று. படகில் போய், தண்ணீருக்கடியில் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, வரைபடத்தில் எண்ணாக எழுதுவது. சேர்ந்த புதிதில் ஈயக் குண்டு கட்டிய கயிறு. பிறகு சத்தத்தை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கருவி. கருவி வந்த அன்றே கயிற்றைத் தூக்கிப் போட்டவர் அவர்தான். கயிறு கையை அறுக்கும், அதன்மேல் அவருக்குப் பாசம் ஒன்றும் கிடையாது.

ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. துறைமுகக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தார். அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். ஒரு காலத்தில் மாடிப்படியில் ஏறினால் எந்த வீட்டில் என்ன சமையல், எந்த வீட்டில் என்ன சண்டை என்று மூச்சு வாங்குவதற்குள் தெரிந்துவிடும். இப்போது மூன்று வீட்டில்தான் விளக்கு எரிகிறது. துறைமுகம் பெரிதாகப் பெரிதாக ஆட்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். காலையில் பேருந்து கொண்டுவந்து இறக்கும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போகும். குடியிருப்பு காலியாகிவிட்டது. பூட்டைப் பார்த்துத்தான் இது மின்சாரப் பிரிவுக்காரர் வீடு, இது இழுவைப் படகுக்காரர் வீடு என்று அவர் அடையாளம் சொல்லிக்கொள்வார்.

மனைவி போய் மூன்று வருடமாகிறது. போய் என்றால் மகள் வீட்டுக்கு. பெரியவளுக்குப் பிரசவம், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று பேருந்து ஏறியவள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, அதற்குத் தம்பி பிறந்தான். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பாட்டி இல்லாமல் அந்த வீட்டில் ஓர் அணு அசையாது. அவருக்கும் மனைவிக்கும் சண்டை ஏதும் இல்லை. சண்டை போடவாவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள். அரிசி இருக்கிறதா, மாத்திரை போட்டாயிற்றா, பால்கனிக் கதவைச் சாத்தினீர்களா என்று மூன்று கேள்வி. நாலாவது கேள்விக்கு முன் சின்னவன் எதையாவது கவிழ்த்துவிடுவான்.

ஒற்றை ஆளின் துணியால் துவைக்கும் இயந்திரம் நிறையப் பத்து நாள் ஆகும். பாதி இயந்திரம் ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் பத்தாவது நாள் கையில் சட்டை இருக்காது. அன்று மட்டும் கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறுவார். "சார் இன்னிக்கு மாப்பிள்ளை" என்பார் படகோட்டி. பத்து நாளைக்கு ஒருமுறை அதே கிண்டல். அதற்காகவாவது ஒருவர் இருக்கிறாரே என்று இவரும் சிரித்து வைப்பார்.

ஊர் வேறு மாதிரி இருந்தது. பதினான்கு மாதம் தூர்வாரும் கப்பல் நின்று மண்ணை உறிஞ்சி எடுத்ததில் கப்பல் வரும் பாதை பதினாறு மீட்டர் ஆழமாகியிருந்தது. இதுவரை பெரிய கப்பல்கள் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும், இங்கே சில்லறைக் கப்பல்கள்தான். இனி அப்படி இல்லை. ஒரு பெரிய கப்பல் நிறுவனம் முதல் கப்பலை வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அது ஒழுங்காக வந்து போனால் வாரம் ஒரு கப்பல். அதை நம்பிக் குளிர்பதனக் கிடங்கு எழும்பிக்கொண்டிருந்தது, நான்கு வழிச் சாலை வந்துகொண்டிருந்தது. தங்கும் விடுதி ஒன்று தன் பெயரையே 'பதினாறு மீட்டர் இல்லம்' என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பதினாறு ஆழம் சார் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பதினாறு. ஊரில் யாருக்கும் அது தெரியாது. தெரியாவிட்டாலும் அந்த விடுதியைக் கடக்கும்போது அவர் நடை கொஞ்சம் மெதுவாகும்.

முதலில் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். காலையில் அளந்தால் ஓர் ஆழம், மதியம் அளந்தால் இன்னோர் ஆழம். அதனால் ஒவ்வொரு துறைமுகமும், தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் இதற்குக் கீழே போகாது என்று ஒரு மட்டத்தை வைத்திருக்கிறது. அதுதான் பூஜ்யம். கப்பல் மேடையின் ஓரத்தில் ஒரு கம்பம் நிற்கும், அடியில் அந்தப் பூஜ்யம், மேலே போகப் போக எண்கள். படகில் அளந்த ஆழத்திலிருந்து, அந்த நேரத்தில் கம்பத்தில் தண்ணீர் நிற்கும் எண்ணைக் கழித்தால் வருவதுதான் வரைபடத்துக்குப் போகும். கம்பத்தின் பூஜ்யம் உயர்ந்துவிட்டால், இல்லாத ஆழம் இருப்பதாகக் கணக்கு வரும்.

கம்பத்தைச் சரியான உயரத்தில் நிறுத்துவதற்காகக் கரையில் இரண்டு இடத்தில் பித்தளைக் குமிழ் பதித்திருந்தார்கள். ஒன்று சுங்கக் கிடங்கின் வாசல் படியில். இன்னொன்று நுழைவாயில் மணிக்கூண்டின் பீடத்தில். பூஜ்யத்துக்கு மேல் ஒவ்வொரு குமிழும் எவ்வளவு உயரம் என்று பதிவேட்டில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் பழைய மேடையை இடித்துப் புது மேடை கட்டியபோது கம்பத்தையும் மாற்றி நட வேண்டியிருந்தது. நட்டவர் ஆழம் சார்தான்.

திங்கட்கிழமை. விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. சுங்கக் கிடங்கின் வாசலில் வரவேற்பு மேடைக்குக் கொத்தனார் படி கட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் இருபது வருடமாகச் சில்லறைக் கட்டட வேலை எல்லாம் அவருடையது. கை ஓயும், வாய் ஓயாது.

"சார், அந்தப் பக்கமா வாங்க. இங்க ஈரம். உங்க கால் தடம் பதிஞ்சா அமைச்சர் வந்து யாரு காலுன்னு கேப்பாரு."

"என் கால்னு சொல்லு மேஸ்திரி. அப்படியாவது பேர் வரட்டும்."

"பேரு வாங்கறதுக்கும் கொடுப்பினை வேணும் சார். என்னைப் பாருங்க, இந்தத் துறைமுகத்துக்கு எவ்வளவு பண்ணியிருக்கேன். இதோ இந்தக் குமிழ்." கரணையால் கிடங்கின் வாசல் படியைக் காட்டினார். "நான் மட்டும் இல்லேன்னா இது இந்நேரம் காயலான் கடையில எடைக்குப் போயிருக்கும்."

ஆழம் சார் குமிழைப் பார்த்தார். படியின் மூலையில் பளபளவென்று இருந்தது.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு லாரிக்காரன் பின்னாடி எடுக்கறேன்னு படியில ஏத்திட்டான். படி நாலு துண்டு. புதுசா கட்டச் சொன்னாங்க. இடிச்சப்போ இது தனியா வந்து விழுந்துச்சு. கூட இருந்தவன் மடியில கட்டிக்கிட்டான். டேய், அது சர்க்கார் சாமான், எதுக்கோ வெச்சிருக்காங்கன்னு பிடுங்கி, புதுப் படியில அதே மூலையில பதிச்சேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சு மினுக்கியும் விட்டேன். யாரு பண்ணுவா?"

"இது எப்போ?"

"நாலு வருஷம் இருக்கும். பெரிய மழைக்கு முந்தி."

"படி பழைய உயரம்தானே?"

"அதெப்படி சார்? ரோட்டை உசத்தி உசத்தி மழைத் தண்ணி எல்லாம் கிடங்குக்குள்ள போயிட்டிருந்துச்சு. ரெண்டு வரிசை செங்கல் கூட வெச்சேன். அப்புறம் ஒரு சொட்டு போகலியே. வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஆழம் சார் குனிந்தார். கட்டைவிரலைப் பக்கத்துச் சுவரில் பழைய படி தொட்டிருந்த கறையில் ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டினார். குமிழ் இருந்த மட்டத்தை விரல் தொட்டது. ஒரு சாண்.

"என்ன சார், சாண் போட்டுப் பாக்கறீங்க? கல்யாணத்துக்குத் துணி எடுக்கவா?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி. நல்லா கட்டியிருக்கே" என்றார்.

குமிழ் ஒரு சாண் மேலே வந்துவிட்டது. பதிவேட்டில் பழைய உயரம்தான் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு நட்ட கம்பமும் ஒரு சாண் மேலே. அதைப் பார்த்து அளந்த ஆழமெல்லாம் ஒரு சாண் கூடுதல். தூர்வாரியவர்களும் அதே கம்பத்தைப் பார்த்துத்தான் மண்ணை எடுத்தார்கள். பதினாறு பதினாறு அல்ல.

இப்படி ஏதாவது நடக்கும் என்றுதான் விதியில் இரண்டு குமிழிலிருந்தும் சரிபார்க்க வேண்டும் என்று இருந்தது. மணிக்கூண்டுக் குமிழையும் பார்த்திருந்தால் கம்பம் நட்ட அன்றைக்கே கணக்கு உதைத்திருக்கும். அவர் பார்க்கவில்லை. அன்று மனைவி ஊருக்குக் கிளம்பிய நாள். நான்கு மணிப் பேருந்து. மணிக்கூண்டுக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் வந்தால் ஐந்தரை ஆகிவிடும். முப்பது வருடமாக இரண்டு குமிழும் ஒன்றுக்கொன்று ஒரு நூல் மாறியதில்லை. 'இரண்டாவது குமிழிலிருந்து சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினார்.

அதற்குப் பிறகும் அறிகுறி தெரியாமல் இல்லை. கடலின் ஏற்ற இறக்கத்துக்கு அச்சிட்ட அட்டவணை சொல்லும் உயரத்துக்கும் கம்பத்தில் நிற்கும் தண்ணீருக்கும் எப்போதும் ஒரு சாண் இடித்தது. யாராவது கேட்டால், "அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு தண்ணியோட குணமே மாறிடுச்சு" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மூன்று வருடம் சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

"இல்ல. ஆபீஸ்ல ஒரு விஷயம். நீ கிளம்பின அன்னிக்கு, ஞாபகம் இருக்கா, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேனே."

"ஆமா, வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தீங்க. அதுக்கென்ன?"

"அன்னிக்கு ஒரு வேலையை—"

"இருங்க, டேய், அதை வாயில வைக்காதே, துப்பு. துப்புடா. நான் அப்புறம் பேசறேங்க. மாத்திரை போட்டுடுங்க."

அப்புறம் வரவில்லை. அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ரொட்டியை நின்றபடியே தின்றார். பால்கனியிலிருந்து பார்த்தால் விழாவுக்குக் கட்டியிருந்த கொடிகள் தெரிந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாடிப்படியில் ஒன்பது பூட்டு தொங்கியது. விளக்கு எரிந்த மற்ற இரண்டு வீட்டில் இருப்பவர்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

சொல்லாமலும் இருக்கலாம். அதையும் யோசித்தார். கப்பலின் அடிக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு சாண் குறைந்தால் முழுகிவிடாது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏழு மாதத்தில் ஓய்வு. கொத்தனாருக்கும் தான் செய்தது என்னவென்று தெரியாது. சொன்னால் கப்பல் திரும்பிப் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு தண்ணீரின் குணம் மாறிவிட்டது என்று சொல்லும்போது வரும் அதே குரல் வந்தது. நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை உறுதி செய்துகொள்ளக் கருவியை எடுத்தார். மட்டம் பார்ப்பது தனி ஆளால் முடிகிற காரியம் அல்ல. ஒருவர் கருவியில் கண் வைக்க, எதிரில் இன்னொருவர் அளவுக்கோலை நேராகப் பிடிக்க வேண்டும். படகோட்டிகள் விழா ஒத்திகைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் கொத்தனாரிடமே போய் நின்றார்.

"மேஸ்திரி, ஒரு அரை மணி நேரம் இந்தக் கோலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"நிக்கறதுக்குக் கூலி உண்டா சார்?"

"டீ உண்டு."

"ரெண்டு டீ உண்டுன்னா ஆடாம நிப்பேன்."

மணிக்கூண்டிலிருந்து கிடங்குப் படி, அங்கிருந்து கப்பல் மேடை. நாலு இடத்தில் கருவியை வைத்தார். கொத்தனார் சிலை மாதிரி நின்றார். வாய் மட்டும் நிற்கவில்லை. மகள் கல்யாணம், மருமகனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை சொல்லி வைத்திருப்பது, கப்பல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. ஆழம் சார் கணக்குப் போட்டார். இருபத்து நான்கு சென்டிமீட்டர். இன்னொரு முறை போட்டார். அதே இருபத்து நான்கு.

"என்ன சார், எல்லாம் சரியா இருக்கா?"

"உன் படி நட்டமா, மட்டமா, அழகா இருக்கு" என்றார். அது உண்மை.

டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். கடைக்காரம்மா புதிதாக ஆறு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"உறையை எப்பம்மா பிரிப்பே?"

"வெள்ளிக்கிழமை சார். கப்பல்காரங்க உக்காரும்போது புதுசா இருக்கணும்ல? நீங்க வேணா இன்னிக்கே உக்காருங்க, ஆழம் பாத்த மாதிரி இருக்கும்."

கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆழம் சார் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுத் துறைமுகத் தலைவரின் அறைக்கு நடந்தார்.

தலைவரைக் கேப்டன் என்பார்கள். பல வருடம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர், நாற்பத்தைந்து வயது. பெரிய கப்பல் எது வந்தாலும் வெளியே போய் ஏறி, உள்ளே அழைத்து வருபவரும் அவர்தான். அப்போது வரவேற்புரையைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆழம் சார். மேடையில உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். கடைசி வரிசைதான், கோவிச்சுக்காதீங்க."

"நாற்காலி வேணாம் சார். கம்பம் தப்பு."

"எந்தக் கம்பம்?"

அவர் சொன்னார். சொல்லி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கேப்டன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரு சாண்."

"ஒரு சாண் சார்."

"ஒண்ணரை மீட்டர் இடைவெளி விட்டிருக்கோமே. ஒரு சாண் போனா என்ன?"

"ஒண்ணரைன்னு நினைச்சிட்டிருந்தோம். இருக்கறது ஒண்ணேகால்."

"அதுவும் போதுமே."

"கடல் படுத்துக் கிடந்தா போதும். வெள்ளிக்கிழமை தெக்கேருந்து அலை வரும்னு வானிலையில போட்டிருக்கான். கப்பல் ஒரு ஆட்டம் ஆடினா அடி எவ்வளவு இறங்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

கேப்டன் வரவேற்புரையை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

"இப்ப உங்களுக்கு."

வெளியே ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்த்தார்கள்.

"இதை நீங்க எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் சார்" என்றார் கேப்டன். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

"இருந்திருக்கலாம். ஆனா வெள்ளிக்கிழமை கப்பல்ல நிக்கப் போறது நீங்க."

கேப்டன் மேசையிலிருந்த பேனாவை அவர் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடுங்க."

ஆழம் சார் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். எழுதியே கொண்டு வந்திருந்தார். கேப்டன் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். 'இரண்டாவது குமிழிலிருந்து சரிபார்த்ததாக நான் எழுதியது உண்மையல்ல.'

"ஏன் பாக்கல?"

"நேரம் இல்ல சார்."

"அப்படி என்ன அவசரம்?"

"வீட்டு வேலை."

கேப்டன் தாளில் தேதி போட்டு வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. ஆனால் சொல்லியிருந்தபடி காலை ஒன்பது மணிக்கு வரவில்லை. தண்ணீர் நன்றாக ஏறட்டும் என்று தொலைவில் நங்கூரம் போட்டு நின்றது. கரையிலிருந்து பார்த்தால் ஒரு கட்டடம் கடலில் வழி தவறி நிற்பது போலிருந்தது. விருந்தினர்கள் பதினொரு மணிவரை சிரித்தார்கள், பன்னிரண்டு மணிவரை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்கள், ஒரு மணிக்குக் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பிற்பகல் மூன்றே முக்காலுக்குக் கப்பல் உள்ளே வந்தபோது பாதி நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். கப்பல் மேடையின் ஓரத்தில் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆழம் சார் மட்டும் குந்தியிருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் உயரத்தை வயர்லெஸ்ஸில் சொன்னார். வரைபடத்தின் ஆழத்தில் ஒரு சாண் குறைத்துவிட்டிருந்ததால், கம்பத்தின் எண்ணோடு இருபத்து நான்கு சென்டிமீட்டரைக் கூட்டிச் சொன்னார். கேப்டனின் குரல் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை மட்டும் திருப்பிச் சொன்னது. கப்பல் எதையும் தொடவில்லை. முந்நூறு மீட்டர் நீளம் மெதுவாக அவரைக் கடந்து போனது. மேலே ஒரு மாலுமி கை காட்டினான். ஆழம் சார் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை, தனக்குத்தான் என்று தெரிந்ததும் அவரும் கை காட்டினார்.

காலை ஒன்பது மணிக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கப்பல் நிறுவனம், பாதையை மறுபடி அளந்து முடிக்கும்வரை அடுத்த கப்பல் வராது என்று எழுதிவிட்டது. தூர்வாரும் கப்பலை மீண்டும் கூப்பிட வேண்டும் என்று பேச்சு நடந்தது. யார் காரணம் என்பது இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்தது. இத்தனை வருடம் தெரியாத ஆளை இப்போது தெரிந்துகொண்டார்கள்.

டீக்கடைக்காரம்மா கிளாஸை ஓசையுடன் வைத்தாள். "உங்க ஒரு சாணுக்கு என் ஆறு நாற்காலியும் உறையோட கிடக்கு சார்."

"அளக்கறேன்மா. சீக்கிரம் அளந்துடறேன்."

"அளங்க. இந்தத் தடவையாவது பாத்து அளங்க."

படகோட்டிகள், "சார், கம்பம் இன்னிக்கு எங்க நிக்குது, இங்கயா, அடுத்த ஊர்லயா?" என்று கேட்டார்கள். பத்தாவது நாள் வெள்ளைச் சட்டையில் வந்தபோது யாரும் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கதவை யாரும் தட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. கொத்தனார் நின்றார். குளித்து, தலை வாரியிருந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"சார், அது என்னாலயா?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. குமிழ். நான் மினுக்கி வெச்ச குமிழ்."

"படி கட்டறது உன் வேலை, கட்டினே. அது சரியா இருக்கான்னு பாக்கறது என் வேலை."

"எம்பேரை எழுதினீங்களா?"

"எதுக்கு எழுதணும்?"

கொத்தனார் அரை நிமிடம் வாயே திறக்கவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து ஆழம் சார் பார்த்ததில்லை. "அந்தப் பய மடியில கட்டிக்கிட்டப்போ விட்டிருக்கணும் சார். காயலான் கடைக்குப் போயிருந்தா யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதுவும் சரிதான். குமிழே இல்லாமல் போயிருந்தால் ஆழம் சார் மணிக்கூண்டுக்குப் போயிருப்பார்.

அன்று ஏழு மணிக்கு மனைவியிடம் முழுவதையும் சொன்னார். இந்த முறை எதற்கும் நிறுத்தவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நானே ஆட்டோ பிடிச்சுப் போயிருப்பேனே" என்றாள்.

"தெரியும்."

"ஒரே ஒரு பெட்டிதான். வர வேண்டாம்னுகூடச் சொன்னேன்."

"சொன்னே."

"பின்ன எதுக்கு வேலையை விட்டுட்டு ஓடி வந்தீங்க?"

"பஸ் கிளம்பற வரைக்கும் இருக்கலாமேன்னு."

அந்தப் பக்கம் சின்னவன் அழ ஆரம்பித்தான். அவள் உடனே எழுந்து போகவில்லை. அழுகை ஏறியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசம்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

"அதை விடு. குழந்தையைப் பாரு."

போனாள். அவள் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டு குழந்தைகளையும் பார்க்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. கண்டிப்புக் குறிப்பு ஒன்று. ஓய்வுக்கு முன் விசாரணை. அதுவரை பாதை முழுவதையும் மறுபடி அளந்து கொடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை, அவர் தனியாக எந்த எண்ணையும் எழுதக் கூடாது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் சரிபார்ப்பு அதிகாரி பக்கத்தில் இருந்து தனித்தாளில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் செல்லும்.

அதிகாரி ஒரு பெண்மணி, நாற்பது வயது இருக்கும். காரிலிருந்து தொப்பி, தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலி என்று எல்லாவற்றையும் தானே இறக்கினார். உதவப் போன ஆழம் சாரை, "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்று தடுத்தார். முதல் வேலையாக இரண்டு குமிழிலிருந்தும் மட்டம் பார்த்துக் கம்பத்தை ஒரு சாண் இறக்கி நட்டார்கள். பிறகு கப்பல் மேடை ஓரத்தில் ஆளுக்கொரு தாளுடன் நின்றார்கள். அலை கம்பத்தில் ஏறி இறங்கியது. பத்து அலை பார்த்து நடு உயரத்தை எழுத வேண்டும்.

"எழுதியாச்சா?" என்றார் அதிகாரி.

"ஆச்சு. ஒன்று புள்ளி மூன்று எட்டு."

"எனக்கு ஒன்று புள்ளி நாலு."

"நீங்க நிக்கற இடத்துலேருந்து கொஞ்சம் சாய்வாத் தெரியும். இங்க வந்து பாருங்க."

"நீங்க சொல்ற இடத்துலேருந்து நான் பாத்தா, அப்புறம் நான் எதுக்கு?"

அது நியாயம். மறுபடி பத்து அலை எண்ணினார்கள். மறுபடியும் இரண்டு சென்டிமீட்டர் இடித்தது. மூன்றாம் முறை அதிகாரி தானாகவே இரண்டடி நகர்ந்து நின்றார். அவர் அதைப் பார்க்காதது போல் கம்பத்தையே பார்த்தார்.

"ஒன்று புள்ளி மூன்று ஏழு" என்றார் அதிகாரி.

"ஒன்று புள்ளி மூன்று ஏழு."

இருவரும் தாளை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. அதிகாரி காரைப் பார்த்தார்.

"அடுத்தது எப்போ?"

"அரை மணி கழிச்சு. நீங்க வேணா கார்ல ஏசி போட்டு உக்காருங்க, நான் வந்து கூப்பிடறேன்."

"இல்ல. உங்களைத் தனியா விட்டா நாளைக்கு என்னைக் கேப்பாங்க" என்று மடக்கு நாற்காலியை விரித்துக் கம்பத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார். கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

ஆழம் சார் இரண்டடி தள்ளிக் கப்பலைக் கயிற்றால் கட்டும் இரும்புக் கட்டையில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஒருவர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து மூன்று வருடமாகியிருந்தது. பக்கம் புரளும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.